பொதுச்சுவர் ஈரம்

அக்டோபர் 6, ஞாயிறு

என் பெயர் மாசானம். வயது எழுபத்தாறு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் ஞானசுந்தரி டீச்சர். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரும் அவர்தான். வீட்டுக்காரர் மேல் நான் சொல்லும் குறையை வீட்டுக்காரரே எழுத வேண்டும். பாளையங்கோட்டையில் இந்த வசதி வேறு எந்த வாடகைக்காரனுக்கும் கிடையாது.

முன்வீட்டில் டீச்சர் தனியாக இருக்கிறார். பின்வீட்டில் நானும் என் மனைவி சொர்ணமும். டீச்சரின் ஹாலுக்கும் எங்கள் அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் எங்கள் பக்கம் ஈரம் ஏறி, பூச்சு உப்பி நிற்கிறது. நேற்று டீச்சர் மகன் எபனேசர் ஓசூரிலிருந்து வந்து அதைத் தட்டிப் பார்த்தான். கையில் வக்கீல் கொடுத்த பட்டியல். கூரை, சுவர், வெள்ளையடிப்பு, சுவருக்குள் ஓடும் குழாய் எல்லாம் வீட்டுக்காரர் பகுதி. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, தாழ்ப்பாள், சுவிட்சு எல்லாம் வாடகைக்காரர் பகுதி.

"மாமா, ஒங்க அடுப்படிக் குழாய் ஒழுகித்தான் இந்தச் சுவரு கெட்டுப்போச்சு. இன்னையில இருந்து என்ன ரிப்பேர்னாலும் தேதி போட்டு எழுதி வைங்க. கிறிஸ்மஸ் கழிச்சு வந்து பாப்பேன். தப்பு ஒங்க பகுதின்னா, பின்வீட்ட இடிச்சிட்டு கார் நிறுத்த எடம் பண்ணப் போறேன்" என்றான்.

"எழுதணும்னா எழுதத் தெரியணும்லா தம்பி?"

"அம்மாவ எழுதச் சொல்லுங்க. நாப்பது வருசம் அவங்களுக்கு அதானே சோலி."

டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். நான் பேசுகிற மாதிரியெல்லாம் எழுத மாட்டாராம், புத்தகத் தமிழில்தான் எழுதுவாராம். நானும் ஒரு நிபந்தனை போட்டேன். எழுதி முடித்ததும் படித்துக் காட்ட வேண்டும். ஒரு சொல் மாறினாலும் எனக்குத் தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் முப்பது வருடம் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தவன் நான். முந்நூறு சைக்கிள், டோக்கன் கிடையாது. எந்த முகத்துக்கு எந்தச் சைக்கிள் என்பது மனதிலேயே இருக்கும். ஒரு நாள்கூட மாற்றிக் கொடுத்ததில்லை.

அக்டோபர் 9, புதன்

அடுப்படிக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். வாடகைக்காரர் பகுதி. குழாய் ஒழுகவில்லை. ஒழுகிவிடக் கூடாதே என்றுதான் மாற்றினேன்.

அக்டோபர் 17, வியாழன்

நல்ல மழை. கட்டிலுக்கு மேலே இரண்டு இடத்தில் ஓடு ஒழுகுகிறது. சாமி படத்துக்கு மேலே ஒரு இடம். வீட்டுக்காரர் பகுதி.

"அதத்தான் எழுதிட்டேனே. எதுக்குத் திரும்பவும் சொல்லுதீங்க?" என்றார் டீச்சர்.

"அடிக்கோடு போட்டியளா?"

"பரீச்சப் பேப்பரா அண்ணாச்சி இது?"

1986 ஆனியில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது பத்திரம் எதுவும் எழுதவில்லை. டீச்சரின் கணவர் தேவசகாயம் சார் கிணற்றடியில் நின்றபடி சொன்ன ஒரு வாக்கியம்தான் ஒப்பந்தம். "மாசானம், மேல இருந்து வாரது எம்பாடு. கீழ போறது ஒம்பாடு." மழை, வெயில், ஓடு, பல்லி எல்லாம் சார் பாடு. சாக்கடை, கழிவுநீர், எலி வளை எல்லாம் என் பாடு. முப்பத்தெட்டு வருடம் இதில் ஒரு சண்டை வந்ததில்லை. வக்கீலுக்கு ஒரு பக்கப் பட்டியல் தேவைப்பட்டது, சாருக்கு ஒரு மூச்சுப் போதுமாக இருந்தது.

சுவர் வழியாகப் பக்கத்திலிருந்து வருவது யார் பாடு என்று சார் சொல்லவில்லை. அன்றைக்குப் பக்கத்திலிருந்து எதுவும் வரவும் இல்லை.

அக்டோபர் 19, சனி

சாக்கடை அடைத்துக்கொண்டது. கீழே போவது, அதனால் என் பாடு. கம்பி விட்டு இழுத்தேன். வந்தது முருங்கை இலை. எங்கள் வீட்டில் முருங்கை மரம் கிடையாது. முன்வீட்டில் இருக்கிறது. கீரை ஆய்கிறவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை, இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

படித்துக் காட்டும்போது "இலை தழைகள்" என்று படித்தார். நிறுத்தினேன்.

"நான் முருங்கை இலைன்னு சொன்னேன் டீச்சர்."

"எல்லா எலையும் எலதானே?"

"எல்லா சைக்கிளும் சைக்கிள்தான். அதுக்குன்னு மாத்திக் குடுத்தா ஆளு சும்மா போவானா?"

அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். பேனா அழுத்தமாக ஓடியது.

நவம்பர் 4, திங்கள்

ஓடு மாற்ற டீச்சர் ஆள் அனுப்பினார். ஒழுக்கு நின்றது. வீட்டுக்காரர் பகுதி, வீட்டுக்காரர் முடித்தார். நல்லதையும் எழுத வேண்டும்.

சுவர் ஈரம் மட்டும் அப்படியே இருக்கிறது. எழுதுவதற்காக டீச்சர் கேட்டார்.

"எப்ப இருந்து அண்ணாச்சி இந்த ஈரம்?"

"ஞாபகம் இல்ல டீச்சர்."

டீச்சர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன். காய் நன்றாகப் பிடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சொர்ணம் பிடித்துக்கொண்டாள். "அம்பது வருசத்துக்கு முந்தி எங்கப்பா கல்யாணத்துக்குப் போடுறேன்னு சொல்லிப் போடாத மோதிரம் ஞாபகம் இருக்கு. சொவரு எப்ப நனஞ்சுதுன்னு ஞாபகம் இல்லயாக்கும்?"

இதையும் எழுதச் சொன்னேன். மாமனார் இப்போது இல்லை. அவர் மேல் வருத்தம் எதுவும் இல்லை. அது முக்கால் பவுன் மோதிரம்.

நவம்பர் 18, திங்கள்

சங்கரன்கோவிலில் சொர்ணத்தின் தங்கை பேத்திக்குக் கல்யாணம். ஐந்து நாள் போயிருந்தோம். போகும்போது எங்கள் வீட்டுத் தண்ணீரை வெளி வால்விலேயே அடைத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் சுவர் அதே ஈரம். சமையல் இல்லை, பாத்திரம் கழுவவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் புழங்கவில்லை. அப்படியானால் இது எங்கள் குழாய்த் தண்ணீர் இல்லை.

"அப்போ எந்தத் தண்ணி அண்ணாச்சி?" என்றார் டீச்சர். குரல் சின்னதாக வந்தது.

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

கல்யாண விருந்தைப் பற்றி எழுதச் சொன்னேன். சங்கரன்கோவிலில் பாயசம் இரண்டு வகை.

நவம்பர் 19, செவ்வாய்

ஒன்றும் இல்லை. சுவர் இருக்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

கிறிஸ்துமஸுக்காக முன்வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பின்வீட்டுக்கும் சேர்த்து அடித்துத் தந்தார் டீச்சர். ஈரச் சுவரில் மட்டும் சுண்ணாம்பு பிடிக்காமல் வழிந்து இறங்கிவிட்டது.

சொர்ணம் முன்வீட்டுக்குப் பார்க்கப் போய்விட்டு வந்து சொன்னாள். "ஹாலு பளபளன்னு இருக்கு. சாரு படத்த மட்டும் எறக்க விடல டீச்சர். வெள்ளையடிக்கவன் படத்தச் சுத்தியே அடிச்சிட்டுப் போயிட்டான்."

சாரின் படம் மாட்டியிருப்பது அந்தப் பொதுச்சுவரில்தான். சார் தவறியது 2013 ஐப்பசியில். படம் மாட்டியது அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு. அன்றிலிருந்து அது ஒரு தடவைகூடக் கீழே இறங்கவில்லை.

இந்த இடத்தில் டீச்சர் பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றார். மேசையில் ஐந்து பேனா கிடந்தது. பள்ளிக்கூடத்தில் நாற்பது வருடம் சாக்குச் சொன்னவர்களைப் பார்த்தவர், அவருக்குச் சாக்குச் சொல்ல வரவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

விடாத மழை. காலையில் சுவரிலிருந்து உள்ளங்கை அகலப் பூச்சு பெயர்ந்து, அடுப்பில் இருந்த சட்டியில் விழுந்தது. ரசம் போயிற்று. இந்த ஈரம் பின்வீட்டுக் குழாயால் வந்தது அன்று. 2013 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முன்வீட்டு ஹாலில் அடித்த ஆணி, சுவருக்குள் செல்லும் குளியலறைக் குழாயில் பட்டதால் வந்தது. வீட்டுக்காரருக்கு இது அன்றே தெரியும். பூண்டு ரசம். சொர்ணம் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வெறும் மோர் ஊற்றினாள்.

டீச்சர் படித்துக் காட்டினார். சொன்னது சொன்னபடி இருந்தது.

டிசம்பர் 24, செவ்வாய்

முன்வீட்டு வாசலில் கட்டிய நட்சத்திரத்தில் பல்பு எரியவில்லை. முன்வீட்டுப் பல்புக்குப் பட்டியலில் இடம் இல்லை. ஏணி போட்டு நான் மாற்றினேன். டீச்சர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா அண்ணாச்சி, விழுந்து கிழுந்து தொலைச்சா அது யாரு பகுதின்னு எம்மவன் வக்கீலத்தான் கேக்கணும்" என்றார்.

"மேல இருந்து விழுந்தா சார் பாடு டீச்சர்."

சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பதினோரு வருடத்துக்கு முந்தின டிசம்பர் 24ம் செவ்வாய்க்கிழமைதான். அதை டீச்சரிடம் சொன்னேன்.

"அன்னைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. கெழம ஞாபகம் வந்துது."

டிசம்பர் 29, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறோம். நேற்று எழுதக் கை வரவில்லை என்றார் டீச்சர்.

எபனேசர் என்கிற எபி காலை பத்து மணிக்கு வந்தான். கிறிஸ்துமஸ் பலகாரம் சாப்பிட்டான். நோட்டை எடுத்துக்கொண்டு முன்வீட்டு ஹாலில் உட்கார்ந்தான். நாங்கள் மூன்று பேரும் எதிரில். நான் தரையில், சொர்ணம் கதவோரம், டீச்சர் அவருடைய நாற்காலியில். பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கப் போகிற நாள் மாதிரி இருந்தது. டீச்சருக்கும் சேர்த்துத்தான்.

முதலில் மனதுக்குள்ளேயே படித்தான். முருங்கை இலை வந்த இடத்தில் சிரித்தான். "அம்மா, நீங்க ஒங்களையே போட்டுக் குடுத்திருக்கீங்க" என்றான். சங்கரன்கோவில் வந்த இடத்தில் நெற்றியைச் சுளித்தான். பிறகு ஒரு இடத்தில் நின்றுவிட்டான். விரலை வைத்து மறுபடியும் படித்தான். அப்புறம் வாய்விட்டுப் படித்தான்.

"ரசம் போயிற்று. இந்த ஈரம் பின்வீட்டுக் குழாயால் வந்தது அன்று."

டீச்சர் எனக்குப் படித்துக் காட்டியபோது இந்த வரி வரவே இல்லை. ரசத்துக்கு அடுத்து நான் சொன்னது பூண்டு. நடுவில் வேறு எதுவும் கிடையாது.

அவன் படித்துக்கொண்டே போனான். ஆணி. குளியலறைக் குழாய். வீட்டுக்காரருக்கு அன்றே தெரியும். மூன்று வரி. அதன் பிறகுதான் பூண்டு வந்தது. அந்த மூன்று வரியில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. "இல்லை" என்பதற்கு "அன்று" என்று நான் வாழ்க்கையில் பேசியதில்லை.

டீச்சர் கையில் பேனா இருந்தது. மூடியைத் திறந்தார், மூடினார். திறந்தார், மூடினார்.

"இது யாரு சொன்னது?" என்று கேட்டான் எபி. யாரையும் பார்க்காமல் நோட்டைப் பார்த்தே கேட்டான்.

"இவியதான் சொல்லுவாவ. டீச்சர் எழுதுவாவ" என்றாள் சொர்ணம்.

"மாமா, நீங்களா சொன்னீங்க? அம்மாவுக்குத் தெரியும்னு நீங்களா சொன்னீங்க?"

மூடி இப்போது திறக்கவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். இரண்டு மாதமாக ஒரு சொல் மாறினாலும் நிறுத்தியவன் நான். இப்போதும் நிறுத்துவேன் என்று நினைத்திருப்பார்.

"நான்தாம்ல சொன்னேன் எபி" என்றேன். வந்ததிலிருந்து தம்பி என்று கூப்பிட்டவன், அந்த நேரத்தில் பழையபடி, சின்னப் பையனிடம் பேசுவது போல "ல" போட்டுவிட்டேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் நாலே கால் மணி. நீ நீலக் கட்டம் போட்ட சட்ட. மொத ரெண்டு அடியும் ஒன் கட்டவெரல்ல விழுந்துது. மூணாவது அடிதான் ஆணியில விழுந்துது. எங்க அடுப்படிக்குள்ள 'உஸ்ஸு'ன்னு ஒரு சத்தம். நீ இங்க, 'ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல'ன்ன. அழுதுகிட்டே சொன்ன. அப்புறம் எங்க வீட்டுப் பின்னாடி வந்து கைய நனச்ச."

"ஆமா, நாந்தான மஞ்சளக் கொழச்சுக் கட்டுவிட்டேன்" என்றாள் சொர்ணம். "இம்புட்டு வெரலு."

"மறுநா காலையில சொவத்துல நாலணா அகலத்துக்கு ஈரம்."

எபி தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகத்தில் ஒரு கோடு இன்னும் இருக்கிறது. டீச்சர்தான் முதலில் பேசினார். அவன் அம்மாவாக இல்லை, என் டீச்சராகவும் இல்லை, வேறு ஒரு குரலில்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாமலா டீச்சர்?"

"பதினோரு வருசமா ஒங்க சமையக்கட்டு நனையுது. ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"மேல இருந்து வந்தா சார் பாடு. கீழ போனா என் பாடு. இது பக்கத்துல இருந்துலா வந்துது. சார் அதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

டீச்சர் முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை.

எபி எழுந்தான். நாற்காலியைச் சுவர் ஓரம் இழுத்துப் போட்டு ஏறினான். "எபி" என்றார் டீச்சர். அவ்வளவுதான் சொன்னார். அவன் இரண்டு கையாலும் படத்தைப் பிடித்து மெல்லத் தூக்கி எடுத்தான். படம் இருந்த இடம் கறுத்து, பாசி பிடித்திருந்தது. ஆணிக்கடியில் சோப்பை உருட்டி அடைத்த தடம். டீச்சர் கைவேலை. படத்தின் பின்பக்க அட்டை ஊறிப்போய்க் கையோடு பிய்ந்து வந்தது. சார் முன்பக்கம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். முதுகு மட்டும் நனைந்திருந்தது.

எபி சட்டை நுனியால் அதைத் துடைத்தான். நல்ல சட்டை. கிறிஸ்துமஸுக்கு எடுத்தது.

"எம்மேல தப்புன்னு ஏன்மா சொல்லல?"

"தப்புன்னு யாரு சொன்னா? அப்பா படத்த நீயே மாட்டணும்னு நின்ன. மாட்டுன" என்றார் டீச்சர்.

அவன் வக்கீல் பட்டியலை எடுத்தான். சுவருக்குள் ஓடும் குழாய் எந்தப் பகுதி என்று விரல் வைத்துத் தேடினான். அவனே எழுதி வாங்கிய பட்டியல், அவனுக்கே தெரியும். இருந்தாலும் தேடினான். பட்டியலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தான்.

"கார் எங்கடா நிறுத்துவ?" என்று டீச்சர் கேட்டார்.

"தெருவுலதான நிக்குது. நிக்கட்டும்."

ஜனவரி 2, வியாழன்

குழாய்க்காரர் வந்து சுவரை உடைத்தார். வீட்டுக்காரர் பகுதி. டீச்சரின் ஹாலில் நின்றால் எங்கள் அடுப்படி தெரிந்தது. சொர்ணம் அந்த ஓட்டை வழியாகவே டீச்சருக்குக் காப்பி கொடுத்தாள். சுற்றி வர வேண்டியதில்லை, இதை இப்படியே விட்டுவிடலாம் என்றாள்.

ஆணி குழாயில் குத்தியபடியே இருந்தது. முழுக்கத் துரு. குழாய்க்காரர் தூக்கிப் போடப் போனார். எபி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஜனவரி 5, ஞாயிறு

எபி ஓசூர் போய்விட்டான். நோட்டு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். டீச்சர்தான் விடவில்லை. ஆரம்பித்ததை முடித்துவைக்க வேண்டுமாம்.

அதனால் முடித்துவைக்கச் சொல்கிறேன். டிசம்பர் 12ஆம் தேதி எழுதியதில் இருப்பது எல்லாம் நான் சொன்னதே. ரசத்திலிருந்து பூண்டு வரைக்கும். இதை எழுத மாட்டேன் என்றார் டீச்சர்.

"நீங்க சொல்லல அண்ணாச்சி. ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"நோட்டு யாரு நோட்டு?"

"ஒங்க நோட்டு."

"அப்போ எழுதுங்க. அடிக்கோடும் போடுங்க."

எழுதியிருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கோடு இழுத்த சத்தம் கேட்டது. நீளமான கோடுதான். கீழே பெருவிரல் வைத்தேன்.

புதுப்பூச்சு காய ஒரு மாதம் ஆகும், அதுவரை அந்தச் சுவரில் எதுவும் மாட்டக் கூடாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். முன்வீட்டில் மற்ற சுவரெல்லாம் அலமாரியும் காலண்டரும். அதனால் சாரின் படம் இப்போது எங்கள் வீட்டில், ஈரம் படாத மேற்குச் சுவரில் இருக்கிறது. ஆணி அடித்தது நான். அடிப்பதற்கு முன் உள்ளே குழாய் ஓடுகிறதா என்று மூன்று தடவை தட்டிப் பார்த்தேன்.

டீச்சர் தினமும் சாயங்காலம் வந்து சாரைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போகிறார். சொர்ணம் சாருக்கு முன்னால் விளக்கு வைக்கலாமா என்று கேட்டாள். சார் ஒன்றும் நினைக்க மாட்டார் என்றார் டீச்சர்.

முப்பத்தெட்டு வருடம் நான் சார் வீட்டில் குடியிருந்தேன். இப்போது சார் என் வீட்டில் குடியிருக்கிறார். நல்ல குடித்தனக்காரர். வந்து மூன்று நாள் ஆகிறது, இன்னும் ஒரு ரிப்பேர்கூடச் சொல்லவில்லை.